விலைப்பட்டியலில் எத்தனை வரிகள்? பிரிட்டிஷ் கேரவன் நிலையங்களில் நிறுத்திடத்தின் விலையும் ஒதுக்கீடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் அழைப்பிதழில் அச்சாகி வந்தபோது, பொருளாதாரத்தின் பெயரால் நடைபெறும் ஒரு மேடையில், விடுமுறைக்காரர்கள் வண்டி நிறுத்தும் புல்தரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத்தான் வேண்டுமா என்று தங்களில் சிலர் ஐயுற்றிருக்கக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும், நிலவாரத்தின் தத்துவத்தைப் பொருளியலறிஞர் ரிக்கார்டோ 1817-ல் வகுத்துரைத்த நாள்தொட்டு நாம் அதனைக் கோதுமை வயல்களைக் கொண்டே மாணாக்கர்க்கு விளக்கி வருகிறோம்; வயலின் வாரமோ ஆண்டுக்கணக்கில், நிலக்கிழாருக்கும் குத்தகைதாரருக்கும் இடையே, மூன்றாமவர் கண்ணுக்குப் புலப்படாமல் தீர்மானமாவது. ஓர் இரவுக்கென்று, சிறு துண்டுகளாக, எல்லோரும் படிக்கத்தக்க விலைப்பட்டியலின்படி நிலம் வாடகைக்கு விடப்பட்டு, மறுநாள் நண்பகலில் காலியாகி, அன்று மாலையே வேறொருவர் வசமாகும் இடம் எங்கேனும் உண்டா என்று தேடிச் செல்பவர் கேரவன் நிலையத்தின் வாயிலில்தான் போய் நிற்பார். வாரம் என்பது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதை அங்கே ஒரே வாரத்தில் கண்ணாரக் காணலாம்.

கேரவன் என்று நான் குறிப்பது, நம் ஊரில் படப்பிடிப்பின்போது நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை அன்று. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீட்டை. வீடும் எஞ்சினும் ஒரே உடலாகிய மோட்டார்ஹோமையும், பழைய கூடாரத்தையும் இதனோடு சேர்த்தே பேசுவேன். வருடம் முழுவதும் பெயராமல் நிற்கும் நிலைக் கேரவன்களின் வாடகை வேறு சட்டங்களுக்கு உட்பட்ட வேறு கதை, அதை விட்டுவிடுகிறேன். எனது களம் பிரிட்டன். இடையிடையே பிரெஞ்சு நாட்டை எட்டிப் பார்ப்பேன்.

1885-ஆம் ஆண்டு, கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே ஒரு சக்கர வீட்டைப் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் செய்வித்து, அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி, எதிர்வரும் வண்டிகளை எச்சரிக்கத் தம் பணியாளை மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே அனுப்பிவிட்டு, தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை சென்றார். அவருக்கு இரவுதோறும் நிறுத்திடம் என்பது ஏதேனும் ஒரு விடுதியின் முற்றம், அல்லது ஒரு குடியானவரின் புல்வெளி. விலை அவரவர் மனம். 1901-ல் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் மிதிவண்டிக் கூடாரக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார். 1907-ல் கேரவன் கிளப் தோன்றிற்று. 1919-ல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் காரின் பின்னே இழுக்கத்தக்க கேரவனை விற்பனைக்குச் செய்யத் தொடங்கிற்று. இவையெல்லாம் நடந்தும், நிறுத்திடம் என்பது எண்ணிக்கைக்கு உட்பட்ட சரக்காக மாறியது 1960-ஆம் வருடத்துக் கேரவன் நிலையச் சட்டத்தினால்தான். அதன்பின், சில விலக்குகள் நீங்கலாக, உள்ளாட்சியின் உரிமம் இன்றி நிலத்தில் கேரவன்களைத் தங்கவிட முடியாது. உரிமமோ நிபந்தனைகளோடு வரும். பிரயாணக் கேரவன் நிலையங்களுக்காக 1983-ல் வெளியான மாதிரி விதிகள், ஒரு ஹெக்டேரில் 75 வண்டிகளுக்கு மேல் கூடாதென்றும், தீ பரவாதிருக்க வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் இடைவெளி வேண்டுமென்றும் உள்ளாட்சிகளுக்கு அறிவுறுத்தின. வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 133 சதுர மீட்டர். சரக்கின் அளவை அரசு இவ்வாறு வரையறுத்துவிட்ட பிறகு, நிலையத்தை நடத்துபவர் கையில் எஞ்சியவை இரண்டே: எந்த இடத்துக்கு என்ன விலை என்பதும், எந்த இடம் யாருக்கு என்பதும்.

இவ்விரண்டும் ஒரே கேள்வி என்பதே இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து. எந்த நிலையத்திலும் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரண்டு நிறுத்திடங்கள் இல்லை. அவற்றுக்கிடையேயுள்ள வேற்றுமைகளில் சிலவற்றுக்கு விலைப்பட்டியலில் ஒரு வரி கிடைக்கிறது. மற்றவை விலையின்றி விடப்படுகின்றன. விலையின்றி விடப்பட்டவை ஒதுக்கீடு இன்றியே போய்விடுவதில்லை. முந்தி வந்தவர், விவரம் அறிந்தவர், நிலையத்தைக் கவனிக்கும் வார்டனுக்கு வேண்டியவர் என்ற வேறேதோ ஒரு முறையால் அவை பங்கிடப்பட்டே தீரும். ஆகவே நிலையம் நடத்துவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பட்டியலில் எத்தனை வரிகள் இருக்க வேண்டும் என்பது. வரிகள் கூடக்கூட வருவாய் கூடும் என்பது இக்காலத்துப் பொதுவான நம்பிக்கை. நான் அதற்கு மாறாக, வரிகள் குறைவாக இருப்பதே பெரும்பாலும் லாபகரமும் நியாயமும் ஆகும் என்று வாதிக்கப் போகிறேன்.

1. முதற்கண், நிறுத்திடத்தின் வகைகள் படிக்கட்டாக அமையவில்லை என்பதைக் காண வேண்டும்.

பொதுவாகப் பட்டியலில் காணப்படுபவை நான்கு: மின்னிணைப்பு இல்லாத புல்தரை, மின்னிணைப்புள்ள புல்தரை, சரளையோ தாரோ இட்டு இறுக்கிய கெட்டித்தளம், தனிக் குடிநீர்க் குழாயும் கழுவுநீர் வடிகாலும் சேர்ந்த முழுவசதி இடம். விலையும் இதே வரிசையில் ஏறும். படிப்பவர் ரிக்கார்டோவின் முதல்தர, இரண்டாந்தர நிலங்களை நினைத்துக்கொள்வார். ஆனால் ரிக்கார்டோவின் நிலங்களுக்குத் தரம் எல்லா உழவர்க்கும் ஒன்றுபோலவே. இங்கோ தரம் வண்டியைப் பொறுத்தது. மூன்றரை டன் எடையுள்ள மோட்டார்ஹோம் ஒன்று, இங்கிலாந்தின் மேற்குக் கரையில் அக்டோபர் மழைக்குப் பின் புல்தரையில் இறங்கினால், புறப்படும் நாளில் அதை வெளியே இழுக்கக் குடியானவரின் டிராக்டர் வரவேண்டும். அதன் உடைமையாளருக்குக் கெட்டித்தளம் இன்றியமையாதது. அதே கெட்டித்தளத்தைக் கூடாரக்காரருக்கு இனாமாகக் கொடுத்தாலும் அவர் பெற்றுக்கொள்ளார்; சரளையில் முளை இறங்காது, படுத்தால் முதுகு பொறுக்காது. கேரவன்காரர் இவ்விருவருக்கும் இடையில் நிற்பவர். சக்கரத்துக்குக் கெட்டித்தரையும், பக்கவாட்டில் கட்டும் துணிப்பந்தலுக்குப் புல்லும் அவருக்கு உகந்தவை. அதனால்தான் சரளைப் பட்டையின் ஓரத்தில் புல்லை விட்டுவைக்கும் நிலையங்கள் அவரால் விரும்பப்படுகின்றன.

மின்சாரமும் அப்படியே. சூரியத் தகடும் நல்ல பாட்டரியும் பொருத்திய மோட்டார்ஹோம்காரர், பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இரவில் மட்டும் திரும்புபவர், மின்னிணைப்புக்கு ஒரு காசும் தர மனமில்லாதவர். வேனிற்கால வாரநாளில் அவர் கேட்பது வெறும் நிலம். பிரெஞ்சு நாட்டின் தென்கரைக்குப் போனாலோ படிநிலையே தலைகீழாகிவிடும்: ஆகஸ்டு மாதத்தில் மத்தியதரைக் கடலோரத்தில் சரளைத் திடல் அடுப்புக்கல்லாகக் காய்கிறது, அங்கே பணம் பெறுவது மரநிழல். சேறு விலை வைக்கும் நாடு ஒன்று, வெயில் விலை வைக்கும் நாடு ஒன்று.

இந்த உண்மையிலிருந்து பிறக்கும் விளைவு முக்கியமானது. வகைகள் படிக்கட்டாக இருப்பின், மேல்வகை காலியாக இருக்கும்போது கீழ்வகைக்குப் பணம் கட்டியவரை அங்கே அமர்த்தி, யாரையும் வருத்தாமல் சமாளித்துவிடலாம். படிக்கட்டாக இல்லாதபோது அந்தச் சௌகரியம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மோட்டார்ஹோமைப் புல்லிலிருந்து சரளைக்கு ஏற்றலாம்; கூடாரத்தை ஏற்ற முடியாது.

2. செலவு வேறு, வாரம் வேறு. பட்டியலின் ஒரே வரியில் இரண்டையும் கலந்து வைப்பதால் விளையும் குழப்பத்துக்கு மின்சாரமே நல்ல உதாரணம்.

பிரிட்டிஷ் நிலையங்களில் நிறுத்திட மின்னிணைப்பு பெரும்பாலும் 16 ஆம்பியர். சிற்சில இடங்களில் 10. 230 வோல்ட்டில் பதினாறு ஆம்பியர் என்பது 3,680 வாட். நூறு நிறுத்திடங்களும் ஒரே நேரத்தில் முழு அளவை இழுத்தால் 368 கிலோவாட் தேவை. அவ்வாறு ஒருபோதும் நேராது என்ற அனுமானத்தின்மேல்தான் நிலையத்தின் கம்பிகள் போடப்பட்டிருக்கின்றன. மின்கட்டணம் இட வாடகையிலேயே அடங்கியிருந்த காலத்தில், குளிர்மாதங்களில் கேரவனுக்குள் மட்டுமின்றித் துணிப்பந்தலுக்குள்ளும் மின்கணப்பு வைத்துக் காற்றைச் சூடாக்குவோர் இருந்தனர். இரண்டு கிலோவாட் கணப்பு எட்டு மணி நேரம் எரிந்தால் பதினாறு யூனிட். அருகே சமையல் வாயுவைக் கொண்டே குளிர்காயும் சிக்கனக்காரரும் அதே வாடகையைக் கட்டியவர். 2022-ல் எரிபொருள் விலை ஏறியபோது பல நிலையங்கள் மீட்டருக்கு மாறின. மாற்றம் சரியே என்பது என் அபிப்பிராயம். எரித்தவர் எரித்ததற்குக் கொடுப்பது செலவு. அதைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனியே அளந்து வாங்குவதில் எவருக்கும் மனக்குறை நேராது. மேலும், வீட்டு உபயோகத்துக்குரிய மின்சாரத்தை வாங்கி மறுவிற்பனை செய்பவர் தாம் கொடுத்த யூனிட் விலைக்குமேல் வசூலிக்கலாகாது என்று ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த வரம்பு 2003 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே மீட்டரில் லாபத்துக்கு இடமில்லை. லாபம் வேண்டுபவர் அதை நிலத்தின் வாடகையில்தான் பகிரங்கமாகக் கேட்க வேண்டும்.

கெட்டித்தளத்தின் கணக்கு இதற்கு நேர்மாறு. அதன் செலவு ஒருமுறை செய்து முடிந்தது. ஜனவரியிலும் ஜூலையிலும் அதே சரளைதான். எனினும் ஜனவரியில் அது இன்றியமையாதது, வறண்ட ஜூலையில் புல்தரையே அதனினும் இனியது. ஆண்டு முழுவதும் ஒரே அளவு கூடுதல் கட்டணம் கேட்கும் பட்டியல், செய்த செலவை நினைத்து எழுதப்பட்டதேயன்றி, வருபவரின் தேவையை நினைத்து எழுதப்பட்டதாகாது.

3. மலிவான இடத்தை வேண்டுமென்றே கெடுக்கலாகாது. இந்த அபாயத்தை முதன்முதலாகத் தெளிவுற எழுதியவர் ழ்யூல் துப்யூயி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். 1849-ல் சுங்கக் கட்டணங்களைப் பற்றி ஆராய்ந்தபோது, இரயில் கம்பெனிகள் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததன் காரணம் கூரையின் செலவு அன்று; இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாதபடி அஞ்சச் செய்வதே அதன் நோக்கம் என்று அவர் காட்டினார். ஏழையை வருத்துவது கம்பெனியின் ஆசை அன்று, பணக்காரரைப் பயமுறுத்துவது. வருந்தியவர் என்னவோ ஏழைதான்.

கேரவன் நிலையத்தில் இதன் சாயல் எங்கே தென்படும் என்றால், மின்னிணைப்பற்ற இடங்கள் எல்லாம் சரிவான மூலையிலோ, நெடுஞ்சாலைச் சத்தத்தை ஒட்டியோ, குப்பைத்தொட்டிகளின் பக்கத்திலோ வைக்கப்பட்டிருப்பதில். கம்பி செல்லாத இடம் தொலைவில் இருப்பது இயற்கையே. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கம்பி சென்ற இடத்திலும் இணைப்பைப் பூட்டி வைத்துக் குறைந்த விலைக்கு விடலாம் என்ற எளிய வழி இருக்க, அதைச் செய்யாமல் மூலையையே காட்டும்போது துப்யூயியின் கூரையற்ற பெட்டி என் நினைவுக்கு வருகிறது.

4. இரவுகளுக்குள் உள்ள வேற்றுமை இடங்களுக்குள் உள்ள வேற்றுமையைவிடப் பெரிது. பட்டியலின் வரிகளைச் செலவிடத் தகுந்த இடம் இதுவே.

இங்கிலாந்தில் பள்ளிகள் ஜூலை இறுதியில் மூடி செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கின்றன. ஈஸ்டர் வாரமும், மே மாதத்து இரண்டு திங்கட்கிழமை விடுமுறைகளும், ஆகஸ்டின் கடைசித் திங்களும் தனி. இந்த நாட்களில் நிலையம் நிரம்பி வழியும். பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமையில் வார்டனும் காக்கைகளும்தான். நிரம்பாத இரவில் ஒருவரை அமர்த்துவதால் மற்றொருவருக்கு நஷ்டமில்லை. நிரம்பிய இரவில் ஒருவரை அமர்த்துவது மற்றொருவரைத் திருப்பி அனுப்புவதாகும். ரிக்கார்டோவின் வாரம் பிறப்பது அந்தத் திருப்பி அனுப்பப்பட்டவரிடமிருந்துதான்.

எவ்வளவு இடங்களைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பது என்பதற்கு, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமானக் கம்பெனியைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் 1972-ல் ஒரு சூத்திரம் தந்தார். கணக்குக்காக, முன்கூட்டிக் கேட்பவர் 20 பவுண்டும், கடைசி நேரத்தில் வருபவர் 36 பவுண்டும் தருவார் என்று கொள்வோம். எஞ்சிய இடத்துக்குக் கடைசி நேர ஆள் வருவதற்கான வாய்ப்பு 36-ல் 20 பங்குக்கு மேல் இருந்தால் பிடித்து வைக்க வேண்டும். குறைந்தால் முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிட வேண்டும். விமானத்தில் இது பலித்தது. புல்வெளியில் அப்படியே பலிக்குமா என்பது ஐயம். காரணம், விமானத்தில் கடைசி நேரத்தில் வருபவர் தொழில்முறைப் பிரயாணி, பணம் கூடுதலாகத் தரக்கூடியவர். கேரவனில் கடைசி நேரத்தில் வருபவர் பெரும்பாலும் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட ஓய்வூதியக்காரர், குறைத்துக் கேட்பவர். முன்கூட்டியே பதிவுசெய்தாக வேண்டியவர் பிள்ளைகுட்டிக்காரர். பள்ளி நாட்காட்டியால் கட்டுண்டவர் அவரே. உச்சகால விலையைக் கொடுப்பவரும் அவரே. தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் கேட்கும் நிலையங்களில் குழந்தைகளுக்காக மறுபடியும் கொடுப்பவர் அவரே. பொருளியலறிஞர் பிகூ 1920-ல் வகைப்படுத்திய விலைப்பாகுபாடுகளுள் இது மூன்றாந்தரத்தைச் சேரும்: ஆளின் தன்மையைப் பார்த்து விலை சொல்வது, நாட்காட்டியின் வேஷத்தில்.

உச்சகால விலையை நான் எதிர்க்கவில்லை. நெருக்கடியான இரவுக்கு விலை ஏறாவிட்டால், இடம் எட்டு மாதத்துக்கு முன்பே காகிதத்தில் நிரம்பிவிடும். முன்பணமும் இல்லையென்றால் பாதிப்பேர் வராமலே போவார்கள். ஆனால் ஏற்றம் எப்போது அறிவிக்கப்படுகிறது என்பது முக்கியம். கானேமன், நெட்ச், தேலர் என்ற மூவர் 1986-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பனிப்புயலுக்கு மறுநாள் பதினைந்து டாலர் மண்வாரியை இருபது டாலருக்கு விற்ற கடைக்காரரைப் பற்றிக் கனடா நாட்டு மக்களைக் கேட்டபோது, 82 சதவிகிதத்தினர் அது நியாயமற்றது என்றனர். புயலுக்குமுன் வருடத்தின் தொடக்கத்திலேயே ஒட்டப்பட்ட பட்டியலைப் பற்றி ஜனங்கள் இவ்வளவு கடுமையாக நினைப்பதில்லை. நெதர்லாந்தின் ஆக்சி நிறுவனத்தின் அட்டைமுறை இதைத் தலைகீழாகக் கையாண்டு வெற்றி கண்டது: உச்சகாலத்துக்கு ஏற்றம் என்று சொல்லாமல், மந்தகாலத்துக்கு மட்டும் செல்லத்தக்க நிலையான குறைந்த விலைகளை, இருவருக்குச் சேர்த்து, முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தது. வித்தியாசம் ஒன்றே, கேட்கும் காது வேறு.

5. இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். விற்க வேண்டியது வகையை. குறிப்பிட்ட இடத்தை அன்று.

இரண்டே நிறுத்திடங்கள் உள்ள ஒரு நிலையத்தைக் கற்பனை செய்வோம். ஒருவர் திங்கள், செவ்வாய் இரவுகளுக்கு முதலாம் எண்ணைக் கேட்டுப் பதிகிறார். இன்னொருவர் புதன் முதல் வெள்ளி வரை இரண்டாம் எண்ணைக் கேட்டுப் பதிகிறார். பிறகு ஒரு குடும்பம் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவும் வேண்டும் என்கிறது. எந்த இரவிலும் ஓர் இடம் காலிதான். ஆயினும் ஐந்து இரவும் தொடர்ந்து காலியான இடம் ஒன்றுமில்லை. குடும்பம் திரும்பிப் போகிறது. எண்ணைக் கேட்க விடாமல், இருவரையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்திருந்தால், மற்றோர் இடம் முழுமையாகக் கிடைத்திருக்கும். இது இரண்டு இடங்களில் மட்டும் நிகழும் விநோதமன்று. ஒரே வகையைச் சேர்ந்த இடங்கள் எத்தனை இருந்தாலும், எந்த ஓர் இரவிலும் பதிவுகள் அந்த எண்ணிக்கையைத் தாண்டாதவரை, வருகை நாளின் வரிசைப்படி ஒவ்வொருவரையும் அன்று காலியாக உள்ள ஏதேனும் ஓர் இடத்தில் வைத்துக்கொண்டே போனால், நடுவில் ஒருவரையும் பெயர்க்காமல் எல்லோரையும் அமர்த்திவிடலாம். இது கணிதத்தில் ஐயமற நிரூபிக்கப்பட்டது. இடத்தின் எண்ணை முன்கூட்டியே வாக்களித்துவிட்டால் அந்த நிச்சயம் போய்விடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரவு ஓட்டைகள் விழுகின்றன. அவற்றைத் தவிர்க்க வாரக்கடைசியில் ‘குறைந்தது மூன்றிரவு’ என்று மற்றொரு விதி செய்யவேண்டி வருகிறது.

படத்தைக் காட்டி, வேண்டிய எண்ணைத் தொட்டுத் தேர்ந்தெடுங்கள் என்று கணினியில் விற்கும் முறை இன்று பரவிவருவது வாடிக்கையாளருக்குச் சந்தோஷமே. நான் அதைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் நிலையத்தில் வெறுமையைப் பிறப்பிக்கிறது; ஆகையால் அதற்கு ஒரு கட்டணம் நியாயம் என்கிறேன். எண்ணைப் பூட்டிக்கொள்ளக் கூடுதல் கட்டணம் கேட்கும் நிலையங்களை ஏமாற்றுக்காரர் என்று திட்டுபவர், அந்தக் கட்டணம் எதற்கு ஈடு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இதே தர்க்கம் வகைகளின் எண்ணிக்கைக்கும் பொருந்தும். நாற்பது இடங்களை ஒரே வகையாக வைத்திருப்பதற்கும், பத்துப்பத்தாக நான்கு வகையாகப் பிரிப்பதற்கும் உள்ள பேதம் விலைப்பட்டியலில் தெரியாது. மழை பெய்த சனிக்கிழமையில் தெரியும். கெட்டித்தளம் பத்தும் நிறைந்து, பதினோராவது மோட்டார்ஹோம் வாயிலிலிருந்து திரும்பும். கூடாரத்துக்கென்று ஒதுக்கிய பத்திலும் தண்ணீர் தேங்கி ஆளில்லாமல் கிடக்கும். ஒவ்வொரு புதிய வரியும் பொதுக் குளத்திலிருந்து ஒரு பாத்தியை வெட்டிப் பிரிக்கிறது. பெரிய இடம், மிகப் பெரிய இடம், ஆற்றோரம், நாய்க்கு வேலியிட்டது, மேசை உள்ளது என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதும் நிலையம், ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று பவுண்டு ஏற்றம் பெற்று, பிரிவினையால் வெறுமையான இரவுகளில் அதைக்காட்டிலும் அதிகம் இழப்பது சாத்தியம். தரையின் தன்மைக்கு ஒரு வரி, மின்னிணைப்பு உண்டா இல்லையா என்பதற்கு ஒரு வரி, பருவத்துக்கு ஒரு வரி: பெரும்பாலான நிலையங்களுக்கு இதுவே போதும்.

6. அப்படியானால் ஆற்றோரமும் மரநிழலும் யாருக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. வரிசைக்கு என்பது என் விடை. அந்த விடை சுத்தமானதன்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் இரயில்வேயில் தூங்கும் வகுப்பின் கீழ்ப்படுக்கைக்கும் மேற்படுக்கைக்கும் கட்டணம் ஒன்றே; யாவரும் விரும்பும் கீழ்ப்படுக்கையை விலையால் பிரிக்காமல், மூத்தவர்க்கும் பெண்டிர்க்கும் ஓர் ஒதுக்கீடு செய்துவிட்டு, மற்றதை முந்திக்கொண்டவருக்கு விட்டிருக்கிறார்கள். கேரவன் நிலையத்திலும் அதுவே நல்ல மரபு. ஆனால் முந்துவதற்கும் ஒரு விலை உண்டு, அது நேரம். நண்பகலில் வாயில் திறக்கும்போது வந்து நிற்கக்கூடியவர் ஓய்வுபெற்ற தம்பதிகள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, இருட்டியபின் வந்து சேரும் குடும்பத்துக்குக் கிடைப்பது குளியலறைக் கட்டடத்து விளக்கின் கீழுள்ள இடம். பணம் பங்கிடாததை ஓய்வு நேரம் பங்கிட்டுவிட்டது. இருந்தும் நான் இந்த அநியாயத்தை மற்றதைவிட விரும்புகிறேன். ஓரிரவு ஆற்றோரம் கிடைக்காதவருக்கு அடுத்த முறை கிடைக்கலாம், விலை வைத்துவிட்டால் அவருக்கு அது எந்த முறையும் கிடைக்காது. விதிவிலக்கு ஒன்று: நடக்க இயலாதவர்க்குக் கழிப்பறைக்கு அருகே சமதரையான இடத்தை, மற்ற இடங்கள் நிரம்பும்வரை எவருக்கும் கொடாமல் காத்து வைக்க வேண்டும், பிரிட்டனின் 2010-ஆம் வருடத்துச் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்து தருவதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. அதற்குக் கூடுதல் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பருவம் முழுவதற்கும் ஒரே தொகை கட்டி வண்டியை விட்டுவைப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வராத இரவுகளிலும் இடம் விற்றதே. நிலையத்துக்கு நிச்சயமான வருமானம். ஊருக்கோ நிரம்பிய ஆகஸ்டில் ஆளில்லாத வண்டி. மந்தமான நிலையம் இதை விரும்புவதும், கூட்டமுள்ள நிலையம் மறுப்பதும் இயற்கை.

7. வகைகளும் விலை வேறுபாடுகளும் ஐந்தே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவசியமற்றுப்போகின்றன. 1960-ஆம் வருடத்துச் சட்டத்தின் முதல் அட்டவணை, அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் சான்றளித்த நிலத்தில், அச்சங்க உறுப்பினரின் ஐந்து கேரவன்கள்வரை உரிமமின்றித் தங்க இடமளித்தது. அதன் பயனாக நாடெங்கும் குடியானவர்களின் புல்வெளிகளில் சிறு நிலையங்கள் தோன்றின. பெரும்பாலும் ஒரே விலை, தொலைபேசியில் பதிவு, வருபவரே தமக்கு வேண்டிய மூலையைப் பார்த்துக்கொள்வார். சட்டம் இப்படி எண்ணிக்கையை வைத்து மட்டும் வகை செய்வதில்லை. இங்கிலாந்தில் 2023 ஜூலையில் வந்த திட்டமிடல் விதி, ஐம்பது நிறுத்திடங்கள்வரை, ஆண்டுக்கு அறுபது நாள், தனி அனுமதியின்றி நடத்த நிலக்காரரை விட்டது. கூடாரத்துக்கும் மோட்டார்ஹோமுக்கும் மட்டும், இழுத்துச் செல்லும் கேரவனுக்கு இல்லை.

8. கடைசியாக, பட்டியலில் விலையே எழுதப்படாத ஒரு வரி. பல நிலையங்களின் விதிகளில் இரட்டை அச்சு கொண்ட கேரவன்களுக்கும் வியாபார வேன்களுக்கும் அனுமதியில்லை என்று காணலாம். எடை அதிகம், புல் பாழாகும், இடம் போதாது என்பவை சொல்லப்படும் காரணங்கள். பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகக் கேரவனிலேயே குடியிருக்கும் ஜிப்ஸிகளும் ஐரிஷ் டிராவலர்களும் பெரிதும் இரட்டை அச்சு வண்டியை உடையவர்கள் என்பதும், வேன் அவர்களது பிழைப்புக்குரியது என்பதும் அங்குள்ளோர் அனைவரும் அறிந்ததே. 1960-ஆம் வருடத்துச் சட்டம் அவர்களுடைய பழைய தங்குமிடங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடிற்று. 1968-ல் இன்னொரு சட்டம் அவர்களுக்கு நிலையங்கள் அமைப்பதை உள்ளாட்சியின் கடமையாக்கிற்று. 1994-ல் அக்கடமை நீக்கப்பட்டது. ஜிப்ஸிகள் ஓர் இனக்குழு என்று 1988-லும், ஐரிஷ் டிராவலர்கள் அவ்வாறே என்று 2000-லும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

சாலைச் சட்டம் சாதாரணக் காரால் இழுக்கப்படும் எல்லாக் கேரவன்களுக்கும் ஏழு மீட்டர் நீளம், 2.55 மீட்டர் அகலம் என்று ஒரே எல்லையை வைத்திருக்கிறது. அச்சு ஒன்றோ இரண்டோ, அந்த எல்லைக்குள் உள்ள வண்டியை ஏற்கும் இடம் நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எடைதான் காரணமென்றால் மூன்றரை டன் மோட்டார்ஹோமுக்கு விற்கும் அதே கெட்டித்தளத்தை அதே விலைக்கு இரட்டை அச்சு வண்டிக்காரருக்கும் விற்கலாம். நீளந்தான் காரணமென்றால் பெரிய இடத்தின் வரி பட்டியலிலேயே உள்ளது. இவ்விரண்டையும் வாங்கப் பணத்தோடு வந்தவரை அதன் பிறகும் வாயிலில் திருப்பும் நிலையம், புல்லைக் காப்பதற்காகத் திருப்பவில்லை.